அப்பாவின் மாருதி 800: வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா?

சாலைக் கடைத்தெருவில் காலை எட்டு மணிக்குமேல் ஒரு காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் சின்ன வண்டியின் அருமை தெரியும். ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறக்குவார்கள். மறுபக்கம் உந்துவண்டியில் வாழைக்குலை போகும். நடுவே கிடைக்கும் இடுக்கில் நுழைந்து வெளியேற எங்கள் வீட்டு மாருதி 800-க்குத் தெரியும். என் தந்தையார் 1996-இல் அதை வாங்கினார். சாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்து, இருபது ஆண்டுகள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்த பிறகு வாங்கிய முதல் கார். பொங்கல், ஆடி அமாவாசை, ஊரில் கல்யாணம், துக்கம் எதுவானாலும் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் எங்களைச் சுமந்து சென்றது அந்த வெள்ளை வண்டிதான்.

அதன் பதிவுக் காலம் 2026-இல் முடிகிறது. புதுப்பிப்பதா, எடைக்குப் போடுவதா என்று வீட்டில் பெரிய விவாதம். நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய வண்டி நிற்கிறது. ஆகவே எங்கள் அனுபவத்தையும் செலவுக் கணக்கையும் இங்கே வைக்கிறேன்.

வண்டியின் பிறப்பு

மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பர் 14 அன்று விற்பனைக்கு வந்தது. முதல் வண்டியின் சாவியை டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அன்று அதன் விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டியிருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். 1986-இல் இன்று நாம் காணும் உருவம் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

களியக்காவிளையில் கொதித்த கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, களியக்காவிளை நெரிசலில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அப்பாவுக்கு வயது எண்பது. வெயிலில் ஒரு கடைத் திண்ணையில் அவரை உட்கார வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடினேன். இழுத்துக்கொண்டு போய் ஒரு வொர்க்ஷாப்பில் விட்டோம். அங்கே, "எஞ்சின் போயி அண்ணாச்சி, வேறே எஞ்சின் வைக்கணும், முப்பத்தைந்தாயிரம் ஆகும்" என்றார்கள்.

மனம் கேட்கவில்லை. கரமனைப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார்; எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைப்போம். அவர் வந்து பார்த்தார். ரேடியேட்டர் விசிறியை இயக்கும் சுவிட்ச் செத்துப்போயிருந்தது. அதற்கு முன்பே எங்கோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருந்தார். வண்டி ஓடும்போது காற்று பட்டு எஞ்சின் தணிந்தது. நெரிசலில் நின்றதும் விசிறி சுற்றாமல் கொதித்தது. இந்த எஞ்சினின் மேல்பகுதி அலுமினியம். அதிகச் சூட்டில் அது வளையும். ஹெட் கேஸ்கட் எரியும். கேஸ்கட்டை மாற்றி, ஹெட்டைச் சமதளமாகச் சீவி வைத்ததும் வண்டி எழுந்துகொண்டது. எஞ்சின் மாற்ற வேண்டியதே இல்லை.

இதில் நான் கற்றது: தண்ணீர் அடிக்கடி குறைவது, வெள்ளைப் புகை, ஆயில் அளவுக் கம்பியில் பால் கலந்ததுபோன்ற நிறம் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதின் அடையாளங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் துரு அடைக்கும். கூலன்ட் கலந்தே ஊற்றுக. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. யாராவது "எஞ்சின் போச்சு" என்றால் இரண்டாவது கருத்துக் கேளாமல் சம்மதிக்காதீர்கள்.

அடிக்கடி வரும் மற்றக் கோளாறுகள்

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட். அதைப் பொதிந்திருக்கும் ரப்பர் உறை கிழிந்ததும் கிரீஸ் வெளியேறி மழைநீரும் மணலும் உள்ளே போகும். உறை கிழிந்த உடனே மாற்றினால் சில நூறு ரூபாயோடு முடியும். சத்தம் வரும்வரை விட்டால் ஆக்சிலையே மாற்ற நேரும்.

கிளட்ச் கேபிளில் இயங்குவது. பெடல் கனத்தால் கேபிள் அறுகப்போகிறது என்று பொருள். பெடலின் மேல்நுனியில் கிளட்ச் பிடித்து, எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது 'கடகட' சத்தம் வந்தால் முன்பக்க லோயர் ஆர்ம், அதன் புஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் குறைந்தால் பின்சக்கர சிலிண்டர் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

எங்கள் வண்டி கார்புரேட்டர் வகை. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதன் ஜெட் அடைத்துக்கொள்ளும். காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்துள்ளது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களைப் புதிதாக மாற்றிவிடுவதும், வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுவதும் நல்லது. பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே கவனிக்க வேண்டும். தீ விபத்துக்கு அதுவே வழி.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி துரு. திருவனந்தபுரத்தின் கடல்காற்றும் இரண்டு பருவமழையும் தகட்டைத் தின்றுவிடும். டிரைவர் காலடி, கதவின் அடிவிளிம்பு, பேட்டரி வைக்கும் தட்டு ஆகிய இடங்களில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவடியில் உள்ள சிறு துளைகள் அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். எஞ்சினைச் செப்பனிடலாம், அடித்தளம் உளுத்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

செலவுக் கணக்கு

இரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு ஆன செலவு, கூலியும் சேர்த்து:

ஹெட் கேஸ்கட், ஹெட் சீவல் - ரூ. 6,500
ரேடியேட்டர், விசிறி சுவிட்ச், தெர்மோஸ்டாட், குழாய்கள் - ரூ. 4,200
ஆக்சில் ரப்பர் உறைகள் - ரூ. 1,400
கிளட்ச் பிளேட், கேபிள் - ரூ. 4,300
லோயர் ஆர்ம், புஷ் - ரூ. 3,600
பின் பிரேக் ஷூ, சிலிண்டர் - ரூ. 2,400
அடித்தளத் தகடு வெல்டிங், துருத்தடுப்புப் பூச்சு - ரூ. 8,000
கார்புரேட்டர் சுத்தம், பெட்ரோல் குழாய் - ரூ. 1,600
மொத்தம் - ரூ. 32,000

இடத்துக்கு இடம், கடைக்குக் கடை இது மாறும். எனினும் பேரம் பேச ஓர் அளவுகோலாகும்.

அரசுக்குக் கட்ட வேண்டியது

கேரளத்தில் சொந்தக் கார் 15 ஆண்டு கடந்ததும் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கியது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கேரள அரசும் 2025-26 பட்ஜெட்டில் 15 ஆண்டு கடந்த வண்டிகளின் வரியை 50 சதவீதம் கூட்டியது. 750 கிலோவுக்கு உட்பட்ட காருக்கு ஐந்தாண்டு வரி 6,400-இலிருந்து 9,600 ஆயிற்று. ஆக எங்களுக்கு 19,600. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. பணம் கட்டுமுன் ஆர்.டி. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்க. ஊரிலிருந்து தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கொண்டுவந்திருப்பவர்கள், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தடையின்மைச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

என்ன முடிவு செய்தோம்?

ஆக்ரிக் கடைக்காரர் பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். என் மகன், "தாத்தா, அம்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாயை இதில் கொட்டணுமா? புதுக் காருக்கு முன்பணம் ஆகுமே" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. பழைய வண்டியில் காற்றுப்பை இல்லை. மோதினால் தாங்கும் பலமும் இன்றைய வண்டிக்கு ஈடாகாது. நீண்ட பயணத்துக்கும் இரவுப் பயணத்துக்கும் அது ஏற்றதல்ல.

அப்பா ஒன்றும் பேசாமல் கடைக் கணக்குப் புத்தகத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தார். "ஐந்து வருஷத்துக்குப் பார்த்தால் மாசம் எண்ணூற்று அறுபது ரூபாய். ஆட்டோவுக்கே இதைவிட ஆகுமேடா" என்றார். பிறகு, "ஆசானைக் கூப்பிடு. அடித்தளம் நல்லா இருக்குன்னு அவர் சொன்னா வைப்போம்; இல்லேன்னா நானே ஆக்ரிக் கடைக்குக் கொண்டு விடுறேன்" என்றார்.

ஆசான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு திருப்புளியால் அடியெல்லாம் தட்டிப் பார்த்தார். சத்தம் கணீர் என்று வந்தது. பதிவைப் புதுப்பிப்பதென்று முடிவாயிற்று. ஒரு நிபந்தனையோடு: இனி அது பாளையத்துக்கும் தம்பானூருக்கும் மட்டும். ஊருக்குப் போக ரயில்.

அந்த நிபந்தனையைப் போட்டவரும் அப்பாதான்.