உங்களுக்குத் தெரியுமா? ஏரி உறைந்தாலும் தூண்டில் ஓய்வதில்லை!

கனடாவின் டொராண்டோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் சிம்கோ ஏரி. பரப்பு சுமார் 720 சதுர கி.மீ. குளிரில் அது உறைந்து இறுகியதும் மேலே சின்னச் சின்னக் குடில்கள் முளைத்துவிடும். உள்ளே அடுப்பு, பெஞ்சு, தரையில் ஒரு துளை. தூண்டில் இறங்குவது அதன் வழியேதான்.

ஏரி ஏன் அடிவரை உறைவதில்லை? 4 டிகிரி செல்சியஸில்தான் நீருக்கு அடர்த்தி அதிகம். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து, அங்கேயே உறைகிறது. அந்தப் பனிக்கட்டியே போர்வையாகிவிட, கீழே மீன்கள் நிதானமாக இரை தேடுகின்றன. இழுப்பும் மெல்லியதுதான், குட்டைக் கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். (பொறுமையில்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்!)

ஏரிமேல் நடக்கத் தெளிந்த நீலநிறப் பனிக்கட்டி குறைந்தது 15 செ.மீ. தடிமன் வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதற்குப் பாதி வலுதான். இருமடங்கு தடிமன் அவசியம்.

இங்கே பிடிபடும் டிரவுட் மீன்களில் பல, பண்ணையில் வளர்த்து ஏரியில் விடப்பட்டவை. பாஸ்பரஸ் கழிவால் பாசி பெருகி, ஆழ்நீரில் ஆக்ஸிஜன் குறைந்து, அவற்றின் இயற்கை இனப்பெருக்கம் முன்பு படுத்துவிட்டதே காரணம்.