டின்னருக்குத்தான் காசு கட்டியாச்சே! அந்தமானில் ஒரு ஆடிட்டர் கோட்டை விட்ட கணக்கு

டிசம்பர் கடைசியில் நம்ம சேனல்ல புது வீடியோ எதுவும் வரலை, கவனிச்சிருப்பீங்க. நானும் என் மனைவியும் அந்தமான் போயிருந்தோம். கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழிச்சு நாங்க ரெண்டு பேர் மட்டும் போன முதல் டூர் இது. கல்யாணமான மாசத்துலயே அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன், அதுக்கப்புறம் வீட்டு லோன்னு தள்ளிக்கிட்டே போச்சு. "இதுக்குப் பேர் ஹனிமூன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

பணம் எப்படிச் சேர்த்தோம்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுல மட்டும்தான் நான் ஒழுங்கா இருந்தேன். 2024 ஜூன்ல மாசம் 5,000 ரூபாய்னு 18 மாசத்துக்கு ஒரு ஆர்.டி. போட்டோம். முடியறப்ப வட்டியோட சுமார் 94,700 கைக்கு வந்தது. அதுக்குள்ள முடிக்கணும்ங்கறதுதான் எங்க பட்ஜெட்.

இதை ஏன் சொல்றேன்னா, "2 லட்சம் பர்சனல் லோன் எடுத்து மாலத்தீவு போகலாமா அண்ணா?"ன்னு கேக்கற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இருக்கீங்க. 14% வட்டியில், 3 வருஷத்துக்கு எடுத்தா இஎம்ஐ சுமார் 6,836. மொத்த வட்டி மட்டும் 46,000-க்கு மேல. போட்டோவுக்கு லைக் வர்றது ரெண்டு நாள் நிக்கும், இஎம்ஐ 36 மாசம் நிக்கும். இதுக்கு மேல இதுல பேச எனக்கு ஒண்ணும் இல்லை.

இனிமே நான் பண்ணின தப்புக்கு வரேன்.

எல்டிஏ ஆசை

என் மனைவி ஐடி கம்பெனியில் இருக்காங்க, பழைய வரி முறையில் இருக்காங்க. சம்பளத்துல எல்டிஏ உண்டு. 4 காலண்டர் வருஷம் சேர்ந்தது ஒரு பிளாக், அதுல ரெண்டு பயணத்துக்கு விலக்கு. 2022-2025 பிளாக் 2025 டிசம்பர் 31-ஓட முடியறதா இருந்தது. அந்த பிளாக்ல நாங்க ஒண்ணுகூட எடுக்கலை. ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கின் முதல் வருஷமான 2026-க்குக் கொண்டு போகலாம். இன்னொண்ணு வீணாகிடும். ஒரு ஆடிட்டர் வீட்டுல வரிச் சலுகை வீணாகறதா? "டிசம்பர்லயே போயிடலாம்"னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன்.

கிறிஸ்துமஸ் வாரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய் வர ரெண்டு பேருக்கு டிக்கெட் 38,000. எல்டிஏ விலக்குல கிடைச்ச வரி மிச்சம், 31.2% வீதத்துல, 11,856. சந்தோஷமா இருந்தது. ஊருக்கு வந்த அப்புறம் சும்மா பிப்ரவரி டிக்கெட் விலையைப் பார்த்தேன். அதே ஏர்லைன்ஸ், 24,000. பிப்ரவரியில் போயிருந்தா, கொண்டு வந்த அந்த ஒரு பயணத்துல அதுக்கும் விலக்கு எடுத்திருக்கலாம், 7,488 மிச்சமாகியிருக்கும். வரி போக டிசம்பர் டிக்கெட்டுக்கு என் கையிலிருந்து போனது 26,144. பிப்ரவரின்னா 16,512. வித்தியாசம் 9,632. வரி மிச்சம் பண்றேன்னு கிளம்பி அவ்வளவு கூடுதலா செலவு பண்ணியிருக்கேன். வீட்டுல இதை இன்னும் சொல்லலை. இந்தப் பதிவைப் படிச்சா தெரியும்.

நீங்க எடுக்கப் போறீங்கன்னா ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்டிஏ இந்தியாவுக்குள்ள போற பயணச் செலவுக்கு மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, ஸ்கூபா எதுக்கும் கிடையாது. புது வரி முறையில் இருந்தா இந்த விலக்கே இல்லை. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஹேவ்லாக், முதல் நாள்

போர்ட் பிளேருக்கு 2024-லிருந்து அதிகாரப்பூர்வ பேர் ஸ்ரீ விஜய புரம். ஹேவ்லாக் 2018-லயே ஸ்வராஜ் த்வீப் ஆயிடுச்சு. ஆனா கப்பல் துறையில், ஆட்டோவுல, கடையில் எல்லாம் பழைய பேர்தான் ஓடுது.

பிரைவேட் ஃபெர்ரியில் ஹேவ்லாக் போய் இறங்கினப்ப பகல் 3 மணி தாண்டிடுச்சு. பயங்கர பசி. ஜெட்டியிலிருந்து கொஞ்சம் நடந்தா கடைத்தெரு, அதுல தகரக் கூரை போட்ட ஒரு பெங்காலி சாப்பாட்டுக் கடை. தேசப் பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளா வந்தவங்களை 1950-கள்ல இங்க குடியமர்த்தினாங்க. அதனால தீவுல வீட்டுச் சாப்பாடுன்னாலே பெங்காலி சாப்பாடுதான். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், கடுகெண்ணெய் வாசம் தூக்கற மீன் குழம்பு. சுர்மைன்னாங்க. தட்டைப் பார்த்தா நம்ம வஞ்சிரம்! ரெண்டு பேருக்கும் சேர்த்து 420 ரூபாய். என் மனைவி மூணு தடவை சோறு வாங்கினாங்க. அவங்க வீட்டுல அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்னைக்கு ராத்திரி ரிசார்ட்ல டின்னர். எங்களோடது எம்ஏபி பிளான். ரூம் புக் பண்றப்ப சிபி, எம்ஏபி, ஏபின்னு போட்டிருக்கும், பலர் கவனிக்கறதில்லை. சிபின்னா ரூமும் காலை டிபனும். எம்ஏபின்னா அதோட இன்னொரு வேளைச் சாப்பாடு, பெரும்பாலும் டின்னர். ஏபின்னா மூணு வேளையும். தீவுல ராத்திரி சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயந்து நான் எம்ஏபி போட்டிருந்தேன். ரெண்டு பேருக்கு ஒரு டின்னர் 1,600 கூடுதல், மூணு ராத்திரிக்கு. பஃபேயில் பனீர் பட்டர் மசாலா, ஜீரா ரைஸ், நூடுல்ஸ், குலாப் ஜாமூன். நல்லாத்தான் இருந்தது. வேளச்சேரியில் கிடைக்கற மாதிரியே இருந்தது.

ராதாநகர்ல நடந்த சண்டை

ரெண்டாவது நாள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். விடிகாலை காலாபத்தர் கடற்கரையில் சூரிய உதயம், அங்கேயே இளநி. சாயங்காலம் தீவோட அந்தப் பக்கம் இருக்கற ராதாநகர். டைம் பத்திரிகை 2004-ல ஆசியாவின் சிறந்த கடற்கரைன்னு சொன்னது இதைத்தான். ஊர்க்காரங்களுக்கு அது ஏழாம் நம்பர் பீச். அகலமான வெள்ளை மணல், பின்னாடி பெரிய பெரிய காட்டு மரங்கள்.

ஒரு விஷயம் கவனிங்க. அந்தமான் நமக்கு ரொம்பக் கிழக்கே இருக்கு, ஆனா கடிகாரம் இந்திய நேரம்தான். டிசம்பர்ல சூரியன் 5 மணி தாண்டி நாலஞ்சு நிமிஷத்துல மறைஞ்சுடும். 4 மணிக்கே கடற்கரையில் இல்லைன்னா சூரிய அஸ்தமனத்தைத் தவற விட்டுடுவீங்க. அஞ்சரைக்கு இருட்டு, ஆறு மணிக்குப் பசி. ரிசார்ட் டின்னர் ஏழரைக்கு.

பீச்சை விட்டு வெளியே வர்ற வழியில் வரிசையா சின்னக் கடைங்க. ஒரு கடையில் முழுச் சங்கரா மீனை மசாலா தடவி தவாவுல போட்டுக்கிட்டு இருந்தாங்க. என் மனைவி நின்னுட்டாங்க.

"இங்கயே சாப்பிட்டுப் போயிடலாம்."

"ரிசார்ட்ல டின்னருக்குத்தான் காசு கட்டியாச்சே."

அவங்க ஒண்ணும் சொல்லலை. ஸ்கூட்டர்ல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருட்டுல வந்தோம், ஒரு வார்த்தை பேசலை. ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் காத்திருந்து பஃபேக்குப் போனோம். மூடியைத் திறந்தா அதே பனீர் பட்டர் மசாலா. தட்டுல ஒரு கரண்டி போட்டுக்கிட்டு மெதுவா சொன்னாங்க: "ஆடிட்டர் சார், நாலு வருஷமா காத்திருந்து இதைச் சாப்பிடத்தான் கடல் தாண்டி வந்தோமா?"

அதோட நிக்கலை. ரூம்ல வேற பல விஷயமும் வந்தது. ஒவ்வொரு இளநிக்கும் நான் போன்ல எழுதி வெச்சது, கப்பல்ல காபி குடிக்கலாமான்னு கேட்டப்ப நான் விலையைப் பார்த்தது. கடைசியா ஒண்ணு சொன்னாங்க, அதுதான் என்னைத் தூங்க விடலை. "எனக்கு என்ன புடிக்கும்னு இந்த ரெண்டு நாள்ல ஒரு தடவைகூட நீங்க கேக்கலை. எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டீங்க."

சிஏ படிக்கறப்ப காஸ்டிங் பேப்பர்ல சங்க் காஸ்ட்னு ஒண்ணு படிச்சோம். ஏற்கெனவே செலவாகி, என்ன பண்ணினாலும் திரும்பி வராத பணம். இனிமே எடுக்கற முடிவுல அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. பரீட்சையில் இந்தக் கணக்கை எல்லாம் முழு மார்க்குக்குப் போட்டவன்தான் நான். டின்னருக்குக் கட்டின 1,600 நான் ராதாநகர்ல சாப்பிட்டாலும் போச்சு, ரிசார்ட்ல சாப்பிட்டாலும் போச்சு. அந்தக் கடை வாசல்ல என் முன்னாடி இருந்த கேள்வி ஒண்ணுதான்: இன்னும் ஐந்நூறு ரூபாய் கொடுத்து அந்த மீனைச் சாப்பிடலாமா, வேண்டாமா? அதை நான் 1,600 ரூபாய் கேள்வின்னு நினைச்சுக்கிட்டேன். இதே தப்பை நீங்க வேற இடத்துல பண்ணிக்கிட்டு இருப்பீங்க. மூணு வருஷம் பிரீமியம் கட்டியாச்சேன்னு பிடிக்காத எண்டோமென்ட் பாலிசியை விடாம கட்டறது, வருஷச் சந்தா கட்டியாச்சேன்னு முட்டி வலியோட ஜிம் போறது.

மூணாவது நாள் மறுபடி ராதாநகர் போனோம். அதே கடை, அதே சங்கரா, கூட நாலு ரொட்டி, ரெண்டு லெமன் சோடா. 560 ரூபாய். கடைக்காரம்மாவுக்கு ஹிந்தியும் பெங்காலியும்தான், எங்களுக்குத் தமிழும் அரைகுறை ஹிந்தியும். ஆனாலும் மீன்ல என்ன மசாலான்னு என் மனைவி அரை மணி நேரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ரிசார்ட்டுக்கு போன் பண்ணி "டின்னர் வேண்டாம்"னு நான் சொன்னப்ப, ஒரு பெரிய சொத்தை எழுதிக் கொடுக்கற மாதிரி கை நடுங்கினதுன்னு அவங்க இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அவ்வளவெல்லாம் இல்லை.

பில்லைப் பார்த்தப்ப

செக்-அவுட் பண்றப்ப பில்லை வாங்கிப் படிச்சேன். தொழில் புத்தி. அங்கதான் இன்னொரு அடி.

2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் ரூம் வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினா 18%. எங்க ரூம் காலை டிபனோட 6,600. அப்படியே விட்டிருந்தா வரி 330, மொத்தம் 6,930. நான் டின்னர் சேர்த்ததால ரூமும் சாப்பாடும் ஒரே பேக்கேஜா, ஒரே வரியில் 8,200-ன்னு பில் போட்டிருந்தாங்க. 7,500-ஐத் தாண்டியாச்சு. முழுத் தொகைக்கும் 18%, அதாவது 1,476. மொத்தம் 9,676. 1,600-ன்னு நான் நினைச்ச டின்னரோட உண்மையான விலை ஒரு ராத்திரிக்கு 2,746! மூணு ராத்திரிக்கு 8,238. சிபி போட்டுட்டு வெளியில் சாப்பிட்டிருந்தா மூணு நாளும் சேர்த்து 2,000 தாண்டியிருக்காது. அதனால ரூம் வாடகை 7,500-க்குப் பக்கத்துல இருந்தா, எதையாவது சேர்க்கறதுக்கு முன்னாடி மொத்தத் தொகையைக் கேளுங்க, வரியோட.

இன்னொண்ணு, சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்க. 2020 ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்டு முடிச்ச பிறகு இன்டர்நெட் எவ்வளவோ தேவலை, யுபிஐ பல இடத்துல ஓடுது. ஆனா சிக்னல் இல்லாத ஒரு கடற்கரையில் இளநியைக் குடிச்சு முடிச்சுட்டு கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்ன அனுபவம் எங்களுக்கு உண்டு.

நாலாவது நாள் நீல் தீவு. இது இன்னும் சின்னது, இன்னும் அமைதி. இயற்கைப் பாறைப் பாலத்தை ஓதம் இறங்கின நேரத்துலதான் கிட்டப் போய்ப் பார்க்க முடியும், அதனால நேரத்தை முன்னாடியே கேட்டுக்கோங்க. அங்க நான் போன்ல எதையும் எழுதலை. எழுதாததால எவ்வளவு செலவாச்சுன்னு யுபிஐ ஹிஸ்டரியைப் பார்த்துத்தான் பிற்பாடு கண்டுபிடிச்சேன்.

கடைசி நாள் போர்ட் பிளேர். செல்லுலார் ஜெயில். 1906-ல கட்டி முடிச்சப்ப ஏழு பிரிவுங்க, இப்ப மூணுதான் மிச்சம். ஒரு அறைக்குள்ள நின்னு கதவை லேசா சாத்திப் பார்த்தோம். வெளியே வந்து ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசலை. இது அந்த ஸ்கூட்டர் மௌனம் இல்லை. ராத்திரி அபர்தீன் பஜார்ல சுத்தினப்ப திரும்பின பக்கமெல்லாம் தமிழ். "சார், இட்லி சூடா இருக்கு, வாங்க"ன்னு கூப்பிட்ட ஹோட்டல்ல போய் உட்கார்ந்தோம். அஞ்சு நாள் கழிச்சு சட்னி. பில் 240.

ஊருக்கு வந்து கூட்டிப் பார்த்தேன், மொத்தம் 94,838. ஆர்.டி. பணத்தை விட நூத்திச் சொச்சம்தான் அதிகம். டின்னர் தப்பையும் டிக்கெட் தப்பையும் பண்ணாம இருந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாம்.

ஜனவரியில் புது ஆர்.டி. ஆரம்பிச்சாச்சு, இந்தத் தடவை மாசம் 6,000, அவங்க பேர்ல. அடுத்த டூருக்கான எக்ஸெல் ஷீட்டையும் அவங்களேதான் தயார் பண்ணியிருக்காங்க. அதுல சாப்பாடுன்னு ஒரு காலம் இருக்கு. எனக்கு அதைப் பார்க்க மட்டும்தான் அனுமதி, எடிட் பண்ண முடியாது.