உங்களுக்குத் தெரியுமா? ஈஃபிலைப் படம் எடுக்கலாம், இரவில் கொஞ்சம் யோசிக்கணும்!

பாரிஸ் போகிறவர் கேமராவைத் திறக்கும் முதல் இடம் பெரும்பாலும் ஈஃபில் கோபுரம்தான். 1889இல் திறக்கப்பட்டது. கட்டியவர் குஸ்தாவ் ஈஃபில் 1923இல் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால், கோபுரத்தின் வடிவத்துக்கான காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பகலில் எடுத்த படத்தைக் காலண்டரில் அச்சிட்டு விற்றாலும் அந்த வகையில் தடையில்லை.

இருட்டினால் கதை வேறு. 1985இல் பியேர் பிதோ அமைத்த பொன்னிற விளக்கொளியும், பிறகு வந்த மின்மினி விளக்குகளும் தனிக் கலைப்படைப்புகள் என்கிறது கோபுர நிர்வாகம். நீங்கள் எடுத்து வீட்டாருக்கு அனுப்பலாம், சமூக வலைத்தளத்தில் போடலாம். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் முன் அனுமதியும் கட்டணமும் வேண்டும். இரும்புக்கு இல்லாத உரிமை வெளிச்சத்துக்கு!

அந்த மின்மினி ஒளி, இருட்டிய பின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்தே நிமிடம்தான். மொத்தம் 20,000 பல்புகள். ட்ரைபாடில் வைத்து ஷட்டரைப் பல வினாடி திறந்துவிட்டால், வெவ்வேறு நேரத்தில் மின்னியவை எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்து, கோபுரம் முழுக்கப் புள்ளி அப்பியதுபோல் விழும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பளிச்சிடும். அதுதான் கண்ணால் பார்த்ததற்கு நெருக்கம்.

படம் எடுக்கக் கட்டுப்பாடு போடுவதில் சுவிட்சர்லாந்தின் பெர்கூன் கிராமம் இன்னும் ஒரு படி மேல். 2017இல் அங்கே படம் எடுப்பதையே தடை செய்தார்கள், அபராதம் 5 ஃபிராங்க். இவ்வளவு அழகைப் படத்தில் பார்த்து, வர முடியாதவர்கள் ஏங்கிப்போவார்களாம். உண்மையில் அது சுற்றுலா விளம்பரத் தந்திரம்!