பீடைநாசினிகளும் நன்னீர் வளங்களும்



நீர் மாசடைதல் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது பலர் "பீடைநாசினிகள் நீரில் கலப்பதால் நீர் மாசடைகின்றது" என்ற ஒரே வரியுடன் நிறுத்திவிடுகின்றனர். இவ்வரி பிழையன்று, ஆனால் இது விடையின் தொடக்கம் மட்டுமே. எவ்வழியாகக் கலக்கின்றது, கலந்தபின் என்ன நடக்கின்றது, எவ்வாறு தடுக்கலாம் ஆகிய மூன்றையும் எழுதினால்தான் விடை நிறைவு பெறும். இப்பாடத்துக்கு உதாரணம் தேடி நீங்கள் தூரம் போகவேண்டியதில்லை. கொடகவெல, றக்வானைப் பகுதித் தேயிலை மலைகளும் அவற்றின் அடியில் ஓடும் ஓடைகளுமே போதும்.

1. நன்னீர் ஏன் அரியது?

பூமியிலுள்ள நீரில் ஏறத்தாழ 97.5 சதவீதம் உவர்நீர். எஞ்சிய 2.5 சதவீதமே நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்துள்ளது. மிகுதியில் பெரும்பகுதி தரைக்கீழ் நீர். ஆறு, குளம், ஓடை என நாம் கண்ணால் காண்பது நன்னீரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே. ஆகவே ஓர் ஓடை கெடுவது சிறு விடயம் அன்று.

கொடகவெலைப் பகுதி ஓடைகளில் பல வளவை கங்கைப் படுகையைச் சேர்ந்தவை. அந்நீர் உடவளவை நீர்த்தேக்கத்தை அடைந்து, கீழே வயல்களுக்குப் பாய்ந்து, அம்பலாந்தோட்டைக்கு அருகே கடலில் கலக்கின்றது. மேலே மலையில் தெளிக்கப்படும் மருந்து யாருடைய நீரில் சேரும் என்பதை இப்படத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளுங்கள். முதலில் பாதிக்கப்படுவது பீலித் தண்ணீரை நம்பியிருக்கும் லயத்துக் குடும்பங்கள். அடுத்ததாகக் கீழ்நிலத்து விவசாயிகள்.

2. பீடைநாசினி என்றால் என்ன?

பயிருக்குத் தீங்கு செய்யும் உயிரிகளை அழிக்கும் அல்லது கட்டுப்படுத்தும் பொருட்களின் பொதுப்பெயர் பீடைநாசினி. பூச்சிநாசினி, களைநாசினி, பங்கசுநாசினி ஆகியன அதன் வகைகள். தோட்டத்தில் "புல் மருந்து" என்று சொல்லப்படுவது களைநாசினி. உரம் பீடைநாசினி அன்று. உரத்திலுள்ள நைத்திரேற்றும் பொசுபேற்றும் நீரில் சேர்ந்து அல்காக்கள் பெருகுவது நற்போசணையாக்கம். இவ்விரண்டையும் குழப்பி எழுதினால் புள்ளி இழக்க நேரும்.

3. நீரைச் சென்றடையும் வழிகள்

(அ) மேற்பரப்பு வழிந்தோட்டம்: மருந்து தெளித்த பின் பெருமழை பெய்தால் நீரும் மண்ணும் சேர்ந்தே அடித்துச் செல்லப்படும். கிளைபொசேற்று போன்றவை மண் துணிக்கைகளோடு இறுகப் பற்றிக்கொள்பவை. ஆகவே மண்ணரிப்பு உள்ள சரிவுகளில் அம்மண்ணே மருந்தைச் சுமந்து ஓடைக்குப் போகின்றது.

(ஆ) உட்கசிவு: நீரில் எளிதாகக் கரையும் பொருட்கள் மண்ணினூடாக இறங்கித் தரைக்கீழ் நீரை அடையும். கிணறும் ஊற்றும் பாதிக்கப்படுவது இவ்வழியில்.

(இ) காற்றினால் காவப்படல்: காற்று வீசும் நேரத்தில் தெளித்தால் நுண்துளிகள் அயலிலுள்ள நீர்நிலைகளில் விழும்.

(ஈ) நேரடியாகச் சேர்தல்: தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் ஓடையில் கழுவுதல், மிஞ்சிய மருந்தைக் கானில் ஊற்றுதல். இது முற்றாகத் தவிர்க்கக்கூடிய வழி.

4. நீரில் சேர்ந்தபின் நடப்பது

பூச்சிநாசினி நீர்வாழ் பூச்சிகளைக் கொல்லும்போது அவற்றை உண்ணும் மீன்கள் உணவின்றிக் குறையும். களைநாசினியால் நீர்த்தாவரங்கள் இறந்து அழுகும்போது பற்றீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பயன்படுத்திவிடும். மீன்கள் மூச்சுத்திணறி இறக்கும்.

நீண்டகால விளைவு உயிரியல் உருப்பெருக்கம் ஆகும். டீ.டீ.ரீ. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது. எனவே உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல அதன் செறிவு கூடும். அமெரிக்காவின் லோங் ஐலன்ட் கழிமுகம் பற்றிய புகழ்பெற்ற உதாரணத்தை மனனஞ் செய்யுங்கள் (மில்லியனில் பங்குகள்):

நீர் – 0.000003
விலங்கு மிதவையுயிர் – 0.04
சிறு மீன் – 0.5
பெரிய மீன் – 2
மீனுண்ணும் பருந்து – 25

நீரிலிருந்து பருந்து வரை 80 இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம்! நீரைச் சோதித்தபோது "மிகச் சிறிதளவே உள்ளது" என்று கூறிவிட்டு இருந்துவிட முடியாது என்பதே இதன் பாடம். ரேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட "மௌன வசந்தம்" என்ற நூல் இவ்வாபத்தை உலகறியச் செய்தது. 2001 இல் ஏற்கப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் சமவாயம் இத்தகைய நிலைத்துநிற்கும் நஞ்சுகளைக் கட்டுப்படுத்துகின்றது.

வீட்டிலும் சொல்லவேண்டிய ஒரு விடயம் உண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் இறக்கும். ஆனால் பீடைநாசினி பொதுவாக நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் இடமுண்டு. ஆகவே இங்கு மருந்து வரும்முன் காப்பதே வழி.

5. இலங்கையின் அனுபவம்

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்துகின்றது. பதிவு செய்யப்படாத பீடைநாசினியை இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. 2015 இல் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்ப் பயிர்களுக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரம், பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சியின் மத்தியில் அதே ஆண்டு நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. மாற்று வழியை ஆயத்தம் செய்யாத தடை நிலைக்காது என்பதை இதிலிருந்து எழுதலாம்.

கவனம்: வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் "பீடைநாசினியே காரணம்" என்று உறுதியாக எழுதாதீர்கள். நீரின் வன்மை, புளோரைட்டு, பார உலோகங்கள், வெப்பத்தால் உடல்நீர் இழத்தல் எனப் பல காரணிகள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் நிறுவப்படவில்லை. "சந்தேகிக்கப்படும் காரணிகளில் ஒன்று" என்பதே சரியான விடை.

6. தடுக்கும் வழிகள்

தேயிலையே நல்ல உதாரணம் தருகின்றது. இலைசுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்த 1935–36 காலத்தில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு வெற்றி கிட்டியது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் தெளித்தபோது அக்குளவியும் இறந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. மருந்து நண்பனையும் கொல்லும்!

ஆகவே ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம், கையால் களை பிடுங்கல், மூடுபயிர், ஓடையோரத்தில் மருந்து தெளிக்காத புல் வலயம், மழைக்கு முன் தெளிக்காமை, வெற்றுக் கொள்கலன்களில் ஒருபோதும் நீர் எடுக்காமை ஆகியவற்றை விடையில் சேர்க்கவும்.

பயிற்சி

(1) உங்கள் வீட்டுக்கு நீர் வரும் பீலி அல்லது கிணற்றிலிருந்து மேல்நோக்கி நீரேந்து பிரதேசத்தைப் படமாக வரைந்து, மருந்து தெளிக்கப்படும் இடங்களைக் குறிக்குக.
(2) அவற்றிலிருந்து நீருக்கு மருந்து வரக்கூடிய இரண்டு வழிகளை விளக்குக.
(3) ஒவ்வொரு வழியையும் தடுக்க ஒரு நடவடிக்கை கூறுக.

இப்படத்தைக் கொப்பியில் மட்டும் வைத்திராமல் வீட்டாருக்கும் காட்டுங்கள். தெளிகருவியை எங்கே கழுவக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரியவேண்டிய விடை.