கரும்புச் சாற்றைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டும் அதனை ஒடுக்கும் மதுசாரமும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்த வடக்கனந்தல், கச்சிராயபாளையம் ஆகிய ஊர்கள் கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ளவை. கோமுகி அணையின் பாசனம் பெறும் இப்பிரதேசத்தில் கரும்பு முக்கியமான பயிர்களுள் ஒன்று. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அருகிலேயே இருக்கிறது. கரும்புச் சாற்றைச் சில மணி நேரம் திறந்து வைத்தால் நுரைத்துப் புளித்துப்போவதைக் குடியானவர்கள் அறிவார்கள். இதற்குக் காரணமான நுண்ணுயிர்களுள் முதன்மையானது ஈஸ்ட் ஆகும். அதன் இயல்பை அறிவது சர்க்கரை நஷ்டத்தைத் தவிர்ப்பதற்கு மாத்திரமன்றி, மனித உயிரைக் காப்பதற்கும் உதவும்.

ஈஸ்ட் என்பது ஒரே உயிரணுவாலான நுண்காளான். நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீட்டர் நீளம் வரும். தாயணுவின் பக்கத்தில் சிறு மொட்டு அரும்பிப் பெருத்துத் தனியணுவாகப் பிரிவதே இதன் இனவிருத்தி. இனிப்பும் சத்தும் மிதமான வெப்பமும் கிடைத்தால் சுமார் 2 மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும். தடையின்றி நடப்பின் ஓரணு 24 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். காற்றுக் குறைந்த இனிப்பு ரசத்தில் இது சர்க்கரையைச் சிதைத்து மதுசாரமும் கரியமில வாயுவும் உண்டாக்குகிறது. 100 பாகம் குளுகோஸிலிருந்து அதிகபட்சமாக 51 பாகம் மதுசாரம் கிடைக்கக்கூடும். நொதித்தல் உயிருள்ள அணுக்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டு முதல் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார்.

ஆயினும் இவ்விருத்திக்கு ஓர் எல்லை உண்டு. ரசத்தில் சேரும் மதுசாரம் அணுவின் மெல்லிய மேற்சவ்வில் புகுந்து அதன் கட்டுக்கோப்பைத் தளர்த்துகிறது. அதனால் உள்ளிருக்கும் உப்புச் சத்துகள் கசிகின்றன. வெளியிலுள்ள சர்க்கரையையும் தழைச்சத்தையும் உட்கொள்ளும் சக்தி குன்றுகிறது. முதலில் பாதிக்கப்படுவது இனவிருத்தியே. நூற்றுக்குச் சில பாகம் சேர்ந்தவுடனேயே மொட்டு விடும் வேகம் குறையும். 8 முதல் 10 பாகத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பின்னும் இருக்கும் அணுக்கள் சர்க்கரையைச் சிதைத்துக்கொண்டிருக்கும். 12 முதல் 15 பாகத்தில் சாதாரண ஈஸ்டின் அத்தொழிலும் ஓய்ந்து, அணுக்கள் மடியத் தொடங்கும். வெப்பம் மிகுந்தால் இதனினும் குறைந்த அளவே தீங்கு செய்யும்.

எல்லா நுண்ணுயிர்களும் மதுசாரத்துக்கு ஒரே விதமாக ஒடுங்குவதில்லை. காடியை உண்டாக்கும் பாக்டீரியா, காற்றோட்டமுள்ள இடத்தில் நீர்த்த மதுசாரத்தையே உணவாகக்கொண்டு புளிப்பாக்குகிறது. வைத்தியசாலைகளில் கிருமிகளைக் கொல்ல 70 சதவீத மதுசாரம் உபயோகிக்கப்படுகிறது. நீர் கலந்திருப்பதால் அது அணுவின் உட்புறம் ஊடுருவிப் புரதங்களைக் கெடுக்கிறது.

மேற்கூறியதிலிருந்து பெறப்படுவது யாதெனில், எத்தனை நாள் ஊறவைத்தாலும் ஊறல் தானாகக் கடுஞ்சாராயம் ஆகாது என்பதே. ஆகையால்தான் எரிசாராய ஆலைகளிலும் கழிவுப்பாகை நொதிக்கவைத்த பின் காய்ச்சி வடிக்கிறார்கள். மற்றொன்று, கரும்பு ரசத்தில் ஈஸ்ட் உண்டாக்குவது எதைல் மதுசாரமேயாம். மெதனால் என்னும் விஷம் அதில் மிக அற்பமே. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் முதலிய இடங்களில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்தது மெதனாலே. அது ஊறலில் விளைந்ததன்று. தொழிற்சாலைகளில் உபயோகமாகும் சரக்கு. மணத்தாலோ ருசியாலோ அதைக் கண்டுபிடிக்க இயலாது. உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றக்கூடும். தெளிந்துவிடும் என்று காத்திராமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு.

குடியானவர்கள் வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பித்தால் நுண்ணுயிர்களால் ஏற்படும் நஷ்டம் பெரிதும் குறையும். கிராம அதிகாரிகள் கள்ளச்சாராய விற்பனை பற்றிக் கேள்விப்பட்டவுடன் மேலதிகாரிகளுக்குத் தாமதமின்றி அறிவிப்பது பல குடும்பங்களைக் காப்பதாகும்.