விடுதி உணவகமும் மேலாண்மை நெறியும்

கல்லூரி விடுதிகள் பலவற்றில் மாதச் செலவு முழுவதையும் மாணவர் உண்ட நாள்களால் வகுத்துக் கட்டணம் காண்பர்; இதனை ‘டிவைடிங்’ முறை என்பர். ஆதலின் வீணாகும் ஒவ்வொரு பிடி சோறும் ஏழை வீட்டின் சுமையாகின்றது. இதனைத் தவிர்க்கும் நெறிகள் மூன்றினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, முன்மதிப்பீடு: மறுநாள் உண்போர் தொகையை முதல்நாள் மாலையே அறிந்து உலையேற்றுதல்.

இரண்டாவது, சரக்கறை ஒழுங்கு: முதலில் வந்த மூட்டையை முதலில் பிரித்தல், எடையிட்டு வழங்கி அன்றன்றே இருப்பேட்டில் பதிதல், வாங்குபவரும் பதிபவரும் வேறாயிருத்தல்.

மூன்றாவது, தூய்மை: 5 முதல் 60 பாகை செல்சியசு வரை நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுமாதலின், சமைத்ததைச் சூடு ஆறுமுன் பரிமாறுதல்.

சிக்கனமாவது பருப்பைக் குறைத்துச் சாம்பாரில் நீரைப் பெருக்குவதன்று. வீணாவதைக் குறைத்து மாணவர் வயிற்றை நிறைப்பதே என்பதை நாம் மறத்தலாகாது.