உங்க வீட்டு பீரோவுக்குள்ள இருக்கு பழைய தாம்பரம்!

ஆகஸ்ட் 22 வந்தா போதும், நம்ம இன்ஸ்டா ஃபீடு முழுக்க கறுப்பு-வெள்ளை மெட்ராஸ்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639-ல் இந்த ஊரில் இடம் கிடைத்ததை நினைவுபடுத்தும் 'மெட்ராஸ் டே' அது. கூட்டமே இல்லாத மெரினா, டிராம் ஓடும் மவுன்ட் ரோடு, 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு வீசியதில் எரிந்த எண்ணெய் டாங்க்குகள்னு நிறைய பார்த்திருப்பீங்க. அதுல குரோம்பேட்டையோ தாம்பரமோ எத்தனை தடவை வந்திருக்கு?

காரணம் சிம்பிள். அந்தப் படங்களில் பல, ஸ்டூடியோக்கள் விற்பனைக்காக அச்சடித்த போஸ்ட்கார்டுகள். கப்பலில் வந்து இறங்குறவங்க ஊருக்கு அனுப்ப ஆசைப்படும் துறைமுகமும் ஹைகோர்ட்டும்தான் அதில் இருக்கும். ஏரியும் வயலுமா கிடந்த நம்ம ஏரியாவை யார் காசு கொடுத்து வாங்குவாங்க?

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது 1937-ல். அப்புறம் மெல்ல மெல்ல வீடுகள் வந்தன. அந்தக் கதைக்கான படங்கள் இருப்பது பாட்டியோட டிரங்குப் பெட்டியிலும் அப்பாவோட ஃபைலிலும்தான்.

தேதி இல்லையா? துப்பறியலாம்!

பழைய படத்தையோ காகிதத்தையோ எடுத்தா, முதல்ல பின்பக்கம் திருப்பிப் பாருங்க.

* கெட்டி அட்டை ரயில் டிக்கெட்டில் 'எஸ்.ஐ.ஆர்' (சவுத் இந்தியன் ரயில்வே) என்று இருந்தால், அது பெரும்பாலும் 1951-க்கு முந்தையது. தெற்கு ரயில்வே உருவானது அந்த வருஷம்தான்.
* விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன்பு. 'நயா பைசா' என்றால் 1957 - 1964.
* கல்யாணப் பத்திரிகையிலோ ஸ்டூடியோ முத்திரையிலோ 6 இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிறகு. வெறும் 'மெட்ராஸ்-45' என்றால் அதற்கும் முந்தையதா இருக்க வாய்ப்பு உண்டு.
* பின்னணியில் ஒடுக்கமான மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடுதா? 2004-க்குப் பிறகு எடுத்த படமா இருக்காது.

ஒரே ஒரு துப்பை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு மூணு சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டினால்தான் கணக்கு சரி.

தண்ணிக்கு முன்னாடி முந்திக்கோங்க

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீங்க. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தபோது, வாஷிங் மெஷினோடு ஆல்பங்களும் போச்சு. மெஷினை மறுபடியும் வாங்கிடலாம். தாத்தா-பாட்டி கல்யாண போட்டோவை எந்தக் கடையில் வாங்குறது? வெள்ளத்தில் தப்பியதும் சில வீட்டில் போகிக்கு எரிக்கப் போயிடுது.

அதனால, கையில் இருக்கும் போனை எடுங்க. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாம, படத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்க. பின்பக்கத்தையும் எடுங்க, முத்திரை அங்கேதான் இருக்கும். ரெண்டு இடத்தில் சேமியுங்க. ஒட்டு ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீங்க, பக்கத்தோடவே எடுத்துடுங்க. ஒரிஜினலை லேமினேட் செய்யாதீங்க. பின்னால் எழுதணும்னா பென்சில், அதுவும் அழுத்தாம. பெட்டியைத் தரையில் வைக்காம மேல் தட்டுக்கு ஏத்திடுங்க.

முக்கியமான வேலை இன்னொண்ணு. படத்தைப் பாட்டி கையில் கொடுத்து, போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. 'இது யாரு? இது எந்தத் தெரு?' அவ்வளவு கேட்டா போதும். போட்டோ தப்பிச்சாலும் பெயர் தெரிஞ்சவங்க போயிட்டா, அதில் இருப்பவர் யாரோ ஒருத்தர்தான்.

'இதெல்லாம் யாருக்கு வேணும்?'னு வீட்டில் கேட்டால், தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தைக் காட்டுங்க. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பை வைத்து 1994-ல் உருவானதுதான் இந்த நூலகம். இன்று தமிழக வரலாற்றை எழுதுபவர்கள் அங்கே வந்து அந்த நோட்டீஸ்களைப் புரட்டுகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல் கேள்வி: 'பாட்டி, பீரோ சாவி எங்கே?'